போனைத் திறந்தால் போச்சா?

போன் பழுதானால் நம் ஊரில் இரண்டு கட்சி. "கழற்றவே கூடாது, கை வைத்தால் போச்சு" என்பவர்கள் ஒருபக்கம். "யூடியூப் பார்த்து நானே மாற்றிவிடுவேன்" என்பவர்கள் மறுபக்கம். இரு தரப்புமே பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் துணிகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் மொபைல் கடையிலோ கொஞ்ச நேரம் நின்றால் கீழே உள்ள நம்பிக்கைகளில் பாதியாவது காதில் விழும்.

நம்பிக்கை: ஒருமுறை கழற்றிய போன் பழையபடி இருக்காது.

முக்கால் பங்கு தப்பு. உள்ளே இருப்பவை சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள், ஒட்டு டேப்புகள், சட்டையின் பிரஸ் பட்டன்போல 'டிக்' என்று உட்காரும் கனெக்டர்கள். முறையாகக் கழற்றினால் முறையாகவே சேரும். கெடுப்பது அவசரம்தான். ஐஃபோன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே கனெக்டரை மூடும் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. 1.2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இருந்த துளையில் 1.7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை முறுக்கினால், அதன் முனை போர்டுக்குள் இறங்கி, அடுக்கடுக்காக ஓடும் செம்புக் கோடுகளை அறுத்துவிடும். போன் அத்தோடு டெட். அரை மில்லிமீட்டர் செய்கிற வேலை இது. அதனால்தான் நல்ல மெக்கானிக் எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்தது என்று படம் வரைந்து, அதன் மேலேயே வரிசையாக வைப்பார். மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைத்தான் பிடுங்குவார். கரண்ட் இருக்கும்போது டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றினால் போர்டில் ஷார்ட் ஆகலாம்.

மீதிக் கால் பங்கு உண்மை, தண்ணீர் விஷயத்தில். ஐபி 68 நீர்காப்பு என்று விளம்பரம் செய்யும் போனுக்குள் தண்ணீரைத் தடுப்பது ஓரங்களில் ஓடும் ஒட்டும், ரப்பர் வளையங்களும். திறந்தவுடன் அந்த ஒட்டு கிழிந்துவிடும். புது ஒட்டு போடாமல் அழுத்தி மூடித் தருகிற கடைகள் உண்டு, புது ஒட்டைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். போட்டாலும், அந்த போனோடு குளத்தில் இறங்க வேண்டாம்.

நம்பிக்கை: டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றினால் போட்டோவெல்லாம் அழிந்துவிடும்.

அழியாது. படங்களும் தொடர்பு எண்களும் இருப்பது மதர்போர்டில் உள்ள நினைவகச் சிப்பில். மதர்போர்டையே மாற்றினால்தான் அத்தனையும் போகும். சிப்பை மட்டும் பெயர்த்து இன்னொரு போர்டில் வைத்தாலும் பயனில்லை. இன்றைய போன்களில் தகவல் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி பழைய பிராசஸரோடு கட்டுண்டது.

நம்பிக்கை: புது பேட்டரி போட்டதும் 8 மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை. நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று: அதே அளவு பேட்டரியில் இரண்டு மடங்கு எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சிட்டிருந்தால், கூடியிருப்பது அச்சு மட்டும்தான். மேல் உறையில் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகிவிடும்.

இதைச் செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே இருப்பது காற்று அல்ல. பேட்டரிக்குள் இருக்கும் கரைசல் சிதைந்து உண்டாக்கிய, எரியக்கூடிய வாயு. செம்புத் தாளும் அலுமினியத் தாளும் பல சுற்றுகளாக மடிந்திருக்க, இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் திரை மட்டுமே இருக்கிறது. ஊசி அதைக் கிழித்தால் இரு பக்கமும் தொட்டுக்கொள்ளும்; வெப்பம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போகும். இதில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்ற பேதம் கிடையாது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 எரிந்தது கம்பெனி பேட்டரியோடுதான். அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே வெளியிட்ட விசாரணை முடிவு, பேட்டரியின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நேர்ந்த குறைகளையே காரணமாகச் சொன்னது.

உப்பாத பேட்டரியைக் கழற்றுவதிலும் இதே ஆபத்து உண்டு. கழற்றும் முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடுவது நல்லது. பல போன்களில் பேட்டரிக்கு அடியில் வெள்ளை ஒட்டுப் பட்டை இருக்கும். அதன் நுனியைப் பிடித்து, மேல்நோக்கித் தூக்காமல், தரையோடு தரையாக மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். பட்டை நீண்டு மெலிந்து வெளியே வரும். பாதியில் அறுந்தால்தான் சோதனை. பொறுமை இழந்தவர் கத்தியை நுழைப்பார். நுழைக்கக் கூடாது. சில சொட்டு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் விட்டுக் காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையால் நெம்ப வேண்டும். கழற்றும்போது வளைந்த பேட்டரியை மறுபடி மாட்டவே கூடாது. நிறுவனங்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும்: 2024-இல் வந்த ஐஃபோன் 16-இல், 9 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் ஒன்றரை நிமிடத்தில் தானே பிடி விடும் ஒட்டைப் போட்டார்கள்.

நம்பிக்கை: தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பானையில் போட்டால் போதும்.

திறக்க வேண்டிய போனைத் திறக்காமல் கெடுப்பது இது ஒன்றுதான். போர்டைத் தின்பது ஈரம் மட்டும் அல்ல. ஈரத்தோடு பேட்டரியின் மின்சாரமும் சேர்ந்து செம்பை அரிக்கிறது. அரிசி அதை நிறுத்தாது. மாவுத் தூள் சார்ஜிங் பின்னில் போய் அடைவதுதான் மிச்சம். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அன்றைக்கே திறக்கச் சொல்லி பேட்டரி இணைப்பைத் துண்டித்து போர்டைக் கழுவச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: ஒரிஜினல் பார்ட் போட்டால் எல்லாம் வேலை செய்யும்.

முதலில், கடையில் 'ஒரிஜினல்' என்பதற்கு நிச்சயமான பொருள் இல்லை. பழைய போனிலிருந்து கழற்றியதும் ஒரிஜினல், மேல் கண்ணாடி மட்டும் மாற்றியதும் ஒரிஜினல். ஓலெட் திரை இருந்த இடத்தில் மலிவான எல்சிடியைப் போடுவதும் நடக்கிறது. கண்டுபிடிப்பது எளிது: இருட்டில் முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஓலெட் அணைந்ததுபோல் இருக்கும். எல்சிடி சாம்பலாக ஒளிரும். திரைக்கடியில் கைரேகை வைக்கும் போனானால் அது வேலை செய்யாமல் போவதும் அடையாளம்.

நிஜமான பார்ட்டுக்கும் தடை உண்டு. 2021-இல் இரண்டு புதிய ஐஃபோன் 13-களின் டிஸ்ப்ளேக்களை ஒன்றுக்கொன்று மாற்றியபோது முகமறிதல் செயலிழந்தது. திரையிலுள்ள சிறு சிப் போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆப்பிள் இறங்கிவந்தது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலம் இந்த ஜோடி வித்தைக்கு எதிராக 2024-இல் சட்டமே இயற்றியது. மெக்கானிக்கின் கைமேல் விழும் பழி பல நேரம் மென்பொருளுக்கு உரியது.

நம்பிக்கை: வெளிக்கடையில் திறந்தால் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை.

எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. வெளியே திரை மாற்றிய ஒரே காரணத்துக்காக வாடிக்கையாளர்களுக்குத் தீர்வு மறுத்ததாக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் அந்த முயற்சிக்கு ஆஸ்திரேலியா அளவுக்குப் பல் முளைக்கவில்லை. ஆகவே வாரண்டிக் காலம் முடியும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டரே புத்திசாலித்தனம்.

எங்கே கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்ஸலில் 'ரிப்பேர் மோட்' இருக்கிறது; அதைப் போட்டுக் கொடுத்தால் மெக்கானிக் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.