எத்தனை முளையங்கள்? முன்னதாகவே கேட்க வேண்டிய கேள்வி



மணமாகி எட்டு ஆண்டுகள் கழிந்தும் பிள்ளைப்பேறு கிட்டாத ஒரு தம்பதியரை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மடு மாதாவிடம் நேர்த்தி வைத்தாயிற்று. கோயில் முற்றத்தில் "இன்னும் ஒன்றும் இல்லையோ?" என்று விசாரிப்போருக்கு மறுமொழி சொல்லி மனமும் சலித்தாயிற்று. ஈற்றில் பெருஞ்செலவில் பரிசோதனைக் குழாய்ச் சிகிச்சையை நாடுகிறார்கள். சில நாட்களில் வைத்தியர் வந்து, "ஐந்து முளையங்கள் கிடைத்திருக்கின்றன. எத்தனையைக் கருப்பையில் வைப்போம்? ஒன்றா, இரண்டா, மூன்றா?" என்று கேட்கிறார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். மனைவி நிலத்தைப் பார்க்கிறார். கையொப்பத்துக்காகப் படிவம் காத்திருக்கிறது.

அந்த நேரத்தில் தரப்படும் பதில் பெரும்பாலும் ஆசையின் பதிலாகவோ அச்சத்தின் பதிலாகவோதான் இருக்கும். எனவே அமைதியான வேளையில், வைத்திய அறிவின் ஒளியிலும் விசுவாசத்தின் ஒளியிலும் இக்கேள்வியை ஆராய்வது நமது கடமையாகும்.

இக்கேள்வி எவ்வாறு எழுந்தது?

பெண்ணின் சூலகத்திலிருந்து எடுத்த முட்டையை ஆணின் விந்துடன் ஆய்வுகூடத்தில் கருக்கட்டச் செய்து, அவ்வாறு தோன்றும் முளையத்தைச் சில நாட்கள் வளர்த்துக் கருப்பையில் வைப்பதே இச்சிகிச்சை. இம்முறையில் உலகில் முதலாவதாகப் பிறந்த குழந்தை லூயிஸ் பிறவுண். அவர் 1978 யூலை 25இல் இங்கிலாந்தின் ஒல்ட்ஹாம் நகரில் பிறந்தார். ரொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேர்டி ஆகிய மூவரின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. சூலகத்தைத் தூண்டும் மருந்து எதுவுமின்றி, அத்தாயிடமிருந்து ஒரே ஒரு முட்டைதான் எடுக்கப்பட்டது. ஒரு முளையமே வைக்கப்பட்டது. ஆகவே "எத்தனை?" என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை.

பின்னர் மருந்துகளின் உதவியால் ஒரே தடவையில் பல முட்டைகளை எடுக்கும் முறை வழக்கமாயிற்று. முட்டைகள் பலவாகவே முளையங்களும் பலவாயின. ஒன்று தங்காவிட்டால் இன்னொன்று தங்கும் என்ற எண்ணத்தில் மூன்று, நான்கு என வைக்கும் வழக்கம் பரவியது. 1984இல் ஒஸ்ரேலியாவின் மெல்பேண் நகரில், உறைய வைத்திருந்த முளையத்திலிருந்து முதன்முறையாக ஒரு குழந்தை பிறந்தது. "மிகுதியை உறைய வைப்போம்" என்ற வழியும் இவ்வாறு திறந்தது.

வைத்திய அறிவு கூறுவது

"இரட்டைப் பிள்ளைகள் கிடைத்தால் ஒரே செலவில் குடும்பம் நிறைந்துவிடுமே" என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த ஆசை இயல்பானதே. ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரங்கள் நிறையுமுன்பே பிறக்கின்றனர். ஒரே சூலில் மூவர் என்றால் ஏறக்குறைய எல்லோருமே குறைமாதப் பிள்ளைகள்தாம். மூச்சுத்திணறல், மூளையில் குருதிக்கசிவு, பிற்கால வளர்ச்சிக் குறைபாடு என்பன இவர்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன. தாய்க்கும் உயர் குருதியமுக்கம், பிரசவத்தின் பின் பெரும் குருதிப்போக்கு முதலிய ஆபத்துக்கள் அதிகரிக்கின்றன.

ஸ்கண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு இரண்டு முளையங்கள் ஒன்றாக வைக்கப்பட்டன. மறு பகுதியினருக்கு ஒன்று வைத்து, அது பலன் தராவிட்டால் மட்டும், உறைய வைத்த இன்னொன்று வைக்கப்பட்டது. முதற் பகுதியினரில் நூற்றுக்கு 43 பேரும், மறு பகுதியினரில் நூற்றுக்கு 39 பேரும் பிள்ளை பெற்றனர். ஆனால் அப்பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தவை முதற் பகுதியில் நூற்றுக்கு 33. மறு பகுதியில் ஒன்றுக்கும் குறைவு. பிள்ளைப்பேறு சிறிதே குறைந்தது. ஆபத்தோ பெரும்பாலும் நீங்கியது. சுவீடன் நாடு 2003 முதலே, பொதுவாக ஒரு முளையத்தையே வைக்க வேண்டும் என விதித்திருந்தது.

தாயின் வயதும் முளையத்தின் தன்மையும் வேறுபடலாம். ஒரு முளையமே இரண்டாகப் பிரிந்து இரட்டையராவதும் உண்டு. எனினும் வைத்திய அறிவு இன்று தரும் பொதுவான பதில் "ஒன்று" என்பதே.

அவிழாத முடிச்சு

இத்துடன் கேள்வி தீர்ந்ததா? இல்லை. மேற்சொன்ன ஆய்வை மீண்டும் கவனியுங்கள். இரண்டாவது முளையம் எங்கிருந்து வந்தது? உறைநிலையிலிருந்து வந்தது. "ஒன்றை மட்டும் வைப்போம்" என்னும் பாதுகாப்பான பதில், மற்றவற்றைக் குளிரில் நிறுத்திவைத்தே கிடைக்கிறது. நமது தம்பதியர் ஒன்றை ஏற்றுக்கொண்டால் எஞ்சிய நான்கின் கதி என்ன?

இந்த முடிச்சைச் சட்டத்தால் அவிழ்க்க முயன்றது இத்தாலி நாடு. அங்கே 2004இல் வந்த சட்டம், மூன்றுக்கு மேல் முளையங்களை உருவாக்கலாகாது, உருவாக்கியவற்றை ஒரே தடவையில் வைக்க வேண்டும், உறைய வைக்கலாகாது என்றது. முளையத்தைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் மூவரை ஒன்றாகச் சுமக்கும் ஆபத்துத் தாயின்மேல் விழுந்தது. 2009இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், பெண்ணின் உடல்நலத்தைக் கருதி, மூன்று என்ற வரம்பையும் ஒரே தடவையில் வைக்க வேண்டும் என்ற விதியையும் நீக்கியது.

ஆக, எண்ணிக்கையைக் கூட்டினால் தாயும் பிள்ளைகளும் ஆபத்துக்குள்ளாகின்றனர். குறைத்தால் மற்றவை உறைநிலையில் கிடக்கின்றன. முடிச்சு விழுந்தது கையொப்பமிடும் நாளில் அன்று. ஐந்து உயிர்களை உருவாக்க இசைந்த நாளிலேயே அது விழுந்துவிட்டது.

திருச்சபையின் போதனை

விசுவாசப் போதனைக்கான திருச்சபை 1987 பெப்ரவரி 22இலும், மீண்டும் 2008இலும் இவ்விடயம் குறித்து அறிவுறுத்தல்களை வெளியிட்டது. மனித உயிர் கருவான நேரம் முதல் மனித ஆளுக்குரிய மதிப்பைப் பெற வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. எனவே மிகுதியான முளையங்களை உருவாக்குவதும், உறைய வைப்பதும், தெரிந்தெடுத்து எறிவதும் தவறாகும். பலவற்றை வைத்துவிட்டுப் பின்னர் கருப்பையில் சிலவற்றை அழிக்கும் "குறைத்தல்", எப்பெயரிட்டாலும் கருக்கலைப்பே. முளையங்களை உருவாக்குவதை நிறுத்துமாறு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் விஞ்ஞானிகளைக் கேட்டுக்கொண்டார்.

"ஒன்றையே உருவாக்கி ஒன்றையே வைத்தால் என்ன?" என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே ஒரு தீமை விலகுகிறது. எனினும் திருச்சபை அதனையும் ஏற்பதில்லை. பிள்ளை, கணவனும் மனைவியும் தம்மை ஒருவருக்கொருவர் கையளிக்கும் அன்பின் கனியாக வரவேண்டுமேயன்றி, ஆய்வுகூடத்தின் ஆக்கமாக வரலாகாது என்கிறது. பிள்ளை கொடை, நாம் உரிமையுடன் கேட்டுப் பெறும் பொருளன்று.

தீர்ப்பிடாதீர்கள்

போதனை தெளிவானது என்பதற்காக நம் நாக்கு கூர்மையாக வேண்டியதில்லை. லூயிஸ் பிறவுண் பிறந்த வேளையில், வெனிஸ் நகரின் பிதாப்பிதாவாக இருந்த கர்தினால் லூச்சியானி அக்குழந்தைக்குத் தம் நல்வாழ்த்தைத் தெரிவித்தார். அதன் பெற்றோரைக் கண்டனஞ் செய்யத் தமக்கு உரிமையில்லை என்றார். சில வாரங்களில் அவரே முதலாம் அருளப்பர் சின்னப்பர் என்ற பெயருடன் பாப்பரசரானார். எம்முறையில் கருவாகியிருந்தாலும் பிறந்த பிள்ளை இறைவனின் பிள்ளையே. அதனை வேறுகண் கொண்டு பார்ப்பவர் பாவஞ் செய்கிறார்.

திறந்திருக்கும் வழிகள்

முதலாவதாக, கணவன் மனைவி இருவரும் பரிசோதனைக்குச் செல்லுங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். பெண்ணை மட்டும் "மலடி" என்பது அநீதி. ஓமோன் சிகிச்சை, அடைபட்ட சூலகக் குழாய்களைத் திறக்கும் சத்திரசிகிச்சை போன்று தாம்பத்திய உறவு கனிதர உதவும் வைத்தியத்தைத் திருச்சபை வரவேற்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தத்தெடுப்பதும் மேலான பெற்றோர்மையே.

சிகிச்சையில் ஏற்கனவே இறங்கி, உறைநிலையில் முளையங்களை வைத்திருப்போர் அச்சுமையைத் தனியே சுமக்க வேண்டாம். குருவானவரிடம் மனந்திறந்து பேசுங்கள். இந்நிலைக்கு முழுமையான தீர்வு இல்லை என்பதைத் திருச்சபையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் மேலும் முளையங்களை உருவாக்காதிருப்பதும், "குறைத்தலுக்கு" இசையாதிருப்பதும் இன்றே உங்களால் எடுக்கக்கூடிய முடிவுகள்.

அன்னா பிள்ளையின்றி அழுதபோது அவளுடைய கணவன் எல்கானா அவளை ஒதுக்கவில்லை. அவளருகில் இருந்து தேற்றினான். பிள்ளை வருமுன்னரே அவர்கள் ஒரு குடும்பமாக இருந்தார்கள் என்பதை மறவாதிருப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. பிள்ளையில்லாத தம்பதியருடன் நாம் பேசும் பேச்சு ஆறுதலா, புண்ணா?

2. சிகிச்சையைத் தொடங்குமுன் "எத்தனை உயிர்கள் உருவாகும்? அவற்றுக்கு என்ன நேரும்?" என்று வைத்தியரிடம் கேட்க நமக்குத் துணிவுண்டா?

3. தாயற்ற ஒரு பிள்ளைக்கு நம் வீட்டில் இடமுண்டா?