பண்ணையில் வேலை ஏவும் முறை

நல்ல விதையும் எருவும் தண்ணீரும் அமைந்திருந்தும் விளைவு குன்றுவதுண்டு. காரணம் ஆராயுமிடத்து, நிலமுடையவர் சொல்லியது ஒன்றும், வேலையாள் விளங்கிக்கொண்டது வேறொன்றுமாக இருந்தமை சிற்சில சமயங்களில் புலப்படும். வேலையாளைக் குறை கூறுதல் எளிது. ஆயினும், தாம் கூறியது எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதைக் கூறியவர் அறிந்துகொள்ளும் வரையில் அவ்வேவல் முற்றுப்பெறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

நில அளவையையே எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி ஒரு குழி; 100 குழி ஒரு மா; ஏறக்குறைய 3 மா ஓர் ஏக்கர். வேறு இடங்களில் குழியின் அளவும் வேறு. உரக்கடையில் ஏக்கர்க் கணக்குக் கேட்டுவந்தவர், வரப்பில் நின்று "ஒரு மூட்டை யூரியா போடு" என்று மட்டும் சொல்லிச் சென்றால், மாக்கணக்கில் பழகிய ஆள் மாவுக்கு ஒரு மூட்டை வீதம் இறைத்துவிடக்கூடும். மும்மடங்கு தழைச்சத்துப் பெற்ற நெல் கரும்பச்சையாய்த் தழைத்துச் சாய்வதோடு, குலைநோய்க்கும் புகையானுக்கும் இடங்கொடுக்கும்.

உரத்தில் நேரும் பிழை விளைவைக் கெடுக்கும். விஷ மருந்தில் நேரும் பிழையோ உயிரையே வாங்கும். ஈராக் தேசத்துக் குடியானவர்கள் 1971-72-இல் அடைந்த துன்பம் இதற்குச் சான்றாகும். வறட்சியுற்ற அந்நாட்டிற்கு மெக்ஸிகோவிலிருந்து விதைக் கோதுமை பெருமளவில் தருவிக்கப்பட்டது. பூஞ்சாள நோய் தாக்காதிருக்க அதில் பாதரச மருந்து கலந்து, செந்நிறச் சாயமும் ஏற்றியிருந்தனர். மூட்டைகளின்மேல் எச்சரிக்கை இல்லாமலில்லை. ஆனால் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு பேசும் உழவருக்கு அவற்றால் யாது பயன்? பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்தபின் மூட்டைகள் வந்து சேர்ந்தன. சிலர் கோழிகளுக்கு இட்டுச் சோதித்தனர். சின்னாட்களில் தீங்கொன்றும் தோன்றவில்லை. இவ்விஷம் வாரக்கணக்கில் மறைந்திருந்தே வெளிப்படும் இயல்பினது. சாயம் கழுவப்பட்டால் விஷமும் கழுவப்படும் என்று எண்ணினோரும் உளர். மாவரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர். வீடுகளில் மடிந்தோர் இக்கணக்கில் சேரார்.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி பூச்சி மருந்துப் புட்டிகளில் நிறக்குறி இடப்படுகிறது. சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், அதன்பின் மஞ்சள், நீலம், பச்சை என்பன முறையே குறைந்த விஷத்தையும் காட்டும். பச்சை என்பதால் தீங்கற்றது என்று எண்ணற்க. எழுத்தறியாத ஆளுக்கு இக்குறியைப் புட்டியையே கையில் கொடுத்துக் காட்டல் வேண்டும்.

மருந்தளவு கூறுமிடத்து "ஒரு மூடி ஊற்று" என்பது மிகத் தவறான வழக்கம். மூடிகள் பல அளவின. ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 500 மில்லி மருந்து என்பது சிபாரிசானால், 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 20 டேங்க் ஆகும். ஒரு டேங்கிற்கு 25 மில்லி. இக்கணக்கை நிலமுடையவரே முடித்து, கோடிட்ட அளவுக் குவளையுடன் ஆளிடம் ஒப்புவிக்க. பின்பு "புரிந்ததா?" என்று கேளற்க, அதற்கு எவரும் "ஆம்" என்றே விடை கூறுவர். "எத்தனை டேங்க், ஒன்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லக் கேட்டல் வேண்டும். வயதில் மூத்த ஆட்கள் இதனைப் பள்ளிப் பிள்ளையிடம் பாடம் கேட்பதாகக் கருதி மனங்கோணலாம். ஆதலின் "ஐயா, நான் கணக்குச் சரியாய்ச் சொன்னேனா, ஒருமுறை சொல்லிப் பாருங்கள்" என்று கேட்பது தகுதி.

கிராம அதிகாரிகளும் இதனைக் கவனித்தல் நலம். மருந்திட்ட விதையைப் பங்கிடுங்கால், உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்னும் சீட்டின் வாசகத்தை, வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி, மிஞ்சியதை என்ன செய்வதென்பதையும் உடன் கூறிய பின்னரே மூட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டும்.