கம்பிச் சுருக்கும் மானாப்புல் தீயும்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டப்புறங்களில் மரக்கறிப் பாத்தியோரம் காட்டுப்பன்றிக்கென்று கட்டப்படும் கம்பிச் சுருக்கு, இரவில் அவ்வழியே வரும் சிறுத்தையின் இடுப்பை இறுக்கி, அது திமிறத் திமிறச் சதைக்குள் இறங்கி, அந்த அரிய பிராணியை வதைத்துக் கொன்றுவிடுகிறது. ஆகையால், கொழுந்தெடுக்கப் போகும்போது வெறுஞ்சுருக்கைக் கண்டாலும் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்து அகற்றச் செய்யுங்கள். சிறுத்தையே சிக்கியிருந்தால், கூச்சலுக்கு அது மேலும் வெருண்டு திமிறுமாதலால், கூட்டம் கூடாமல் விலகி நின்று, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை உடனே அழைத்து, மயக்க ஊசியுடன் மிருக வைத்தியர் வரும்வரை பொறுத்திருப்பதே உத்தமம்.

மாட்டுக்கு இளம்புல் வேண்டி ஆடி, ஆவணி வறட்சியில் மானாப்புல்லுக்குத் தீ வைப்பதும் கொடுமையே; காற்று அதை அயற்காட்டுக்குள் கொண்டுபோய்விடும். லயத்து நாய்களை இரவில் உள்ளே கட்டுவதும் அவசியம். நாயைத் தேடியே சிறுத்தை பெரும்பாலும் லயத்துப் பக்கம் வருகிறது.