துணைவேந்தருக்கு ஒரு விழா

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து மரக்காணத்தில் ஊரறியப் பாராட்டு விழா எடுக்க நினைக்கிறோம். எப்படித் திட்டமிடலாம்?
– வாசகர், மரக்காணம்

பதில்: முதலில், சாலையோர பேனர் வேண்டாம். 2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. இன்றும் மனம் ஆறவில்லை.

நெ.து.சுந்தரவடிவேலுவை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் வகித்த சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை 1969-ல் ஏற்றவர். அதற்கு முன், கல்வித்துறை இயக்குநராக, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மேசை, நாற்காலி, கட்டடம் என்று மக்களே பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் பள்ளியில் பொருள் நின்றது.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆளுயர மாலைக்கும் சால்வைக்கும் ஆகும் பணத்தில் நூல்கள் வாங்கி, உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு உங்கள் துணைவேந்தர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நிருபர்களுக்கு அதுதான் செய்தி. ஒரு பக்கக் குறிப்பை இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் மண்டபம் பிடியுங்கள். உப்பு வாரும் கோடையென்றால் மாலையில் தொடங்கி எட்டு மணிக்குள் முடியுங்கள். விடியுமுன் பாத்தியில் இறங்குபவர்கள் உப்பளத் தொழிலாளர்கள். முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.