நீரேற்று நிலையம்

நீர் பள்ளம் நோக்கி ஓடும் இயல்புடையது. திருமலையோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சந்திரகிரிக்கு அருகிலுள்ள கல்யாணி அணையின் நீர் அம்மலைக்கு எவ்வாறு சென்று சேர்கிறது? பொறிகளின் விசையால் குழாய்களின் வழியே மேலே தள்ளப்படுகிறது. இப்பணியைச் செய்யும் இடமே நீரேற்று நிலையம் ஆகும். சமவெளியில் உள்ள நகரங்களுக்கும் இது தேவை. உயரமான தொட்டிக்கு ஏற்றப்பட்ட நீர், பின்பு தன் எடையாலேயே வீட்டுக் குழாய்களைச் சென்றடையும்.

சென்னையில் உள்ள கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1872ஆம் ஆண்டு முதல் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. அங்கிருந்து வடிகட்டப்படாமலேயே நகரத்திற்கு வழங்கப்பட்டது. பொறியாளர் மேட்லியின் முயற்சியால் இந்நிலை மாறியது. 1914இல் மூடிய கால்வாயும், மணல் வடிகட்டிகளும், நீரேற்றும் பொறிகளும் பயன்பாட்டிற்கு வந்தன. மணற்படுகையின் ஊடே மெல்ல இறங்கும்போது நீரிலுள்ள மாசுகள் தங்கிவிடுகின்றன. தெளிந்த நீரே நகரத்திற்குச் செல்கிறது. தியாகராய நகரில் உள்ள மேட்லி சாலை அப்பொறியாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்நிலையத்தைச் சூழ்ந்து அயனாவரம், கெல்லீஸ், புரசைவாக்கம் ஆகிய பகுதிகள் அமைந்துள்ளன. அண்மையில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. அது அமைந்த சாலையை மக்கள் ‘மேடவாக்கம் டேங்க் ரோடு’ என்பர். டேங்க் என்பது ஏரியையோ குளத்தையோ குறிக்கும். சாலையின் பெயரில் நீர் இருக்கிறது. சாலையோரத்திலோ கட்டடங்களே காணப்படுகின்றன. சென்னையின் வேறொரு பகுதிக்கு ‘ஏழு கிணறு’ என்று பெயர். கோட்டையில் இருந்தோர்க்குக் குடிநீர் அளிக்க 1772இல் அங்குக் கிணறுகள் தோண்டப்பட்டன. வள்ளலார் இளமையில் வாழ்ந்த இல்லமும் அப்பகுதியிலேயே உள்ளது. இவ்வாறு ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் பழைய நீர்நிலைகளை நினைவூட்டுகின்றன.

நகரம் பெருகியபோது அருகிலுள்ள ஏரிகளின் நீர் போதவில்லை. ஆகவே, கிருஷ்ணா நதிநீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1983இல் ஆந்திர அரசும் தமிழ்நாட்டு அரசும் உடன்பாடு செய்துகொண்டன. அதுவே தெலுங்கு கங்கைத் திட்டம். 1996இல் முதன்முதலாக அந்நீர் தமிழ்நாட்டு எல்லையை அடைந்தது. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படும் நீர், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டைக்கு அருகே எல்லையைக் கடந்து பூண்டியை அடைகிறது. திருப்பதி நகரும் தெலுங்கு கங்கை நீரைப் பெறுகிறது. எனவே, திருப்பதியில் வாழும் தமிழ்ச் சிறுவனும் சென்னையில் வாழும் அவன் பாட்டியும் ஒரே ஆற்றின் நீரைப் பருகுதல் கூடும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. மக்கள் வண்ண வண்ணக் குடங்களுடன் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்து நின்றனர். அப்போது ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவரத் திட்டமிடப்பட்டது. தங்களுக்குரிய குடிநீர் குறைந்துவிடுமோ என்று அவ்வட்டார மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தில் நியாயம் இருந்தது. அவர்களும் நீர்த்தட்டுப்பாட்டை அறிந்தவர்களே. ஜூலை 12ஆம் நாள், 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் காவிரி நீருடன் முதல் இரயில் புறப்பட்டது. சித்தூர்ப் பிள்ளைகள் நன்கறிந்த காட்பாடியைக் கடந்து வில்லிவாக்கத்தை அடைந்தது. அங்கிருந்து அந்நீர் குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நிலையத்திற்குச் சென்றது. நூறாண்டு கடந்த நிலையமாயினும், ஏரியில் நீர் இல்லையேல் பொறிகளால் யாது பயன்? பொறி நீரை உயர்த்தும், உண்டாக்காது.

குழாயிலிருந்து விழும் ஒவ்வொரு குடம் நீருக்குப் பின்னும் ஓர் ஆறும், ஓர் ஊரும், பலருடைய உழைப்பும் உள்ளன. அதனை அறிந்தவர் குழாயைத் திறந்தபடி விட்டுச் செல்லார்.

அருஞ்சொற்பொருள்
விசை – வேகம், ஆற்றல்
மாசு – அழுக்கு
ஊடே – நடுவே
உடன்பாடு – ஒப்பந்தம்
வறண்டன – நீரின்றிக் காய்ந்தன

வினாக்கள்
1. உயரமான தொட்டியில் நீரை ஏற்றுவது ஏன்?
2. மணல் வடிகட்டி நீரை எவ்வாறு தூய்மையாக்குகிறது?
3. ஜோலார்பேட்டை வட்டார மக்கள் அஞ்சியது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் இல்லத்திற்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது? பெரியோரிடம் கேட்டு, அதன் வழியை வரைக.
5. நீர்நிலையின் பெயர் கொண்ட தெரு அல்லது ஊர் ஒன்றைக் கண்டறிந்து எழுதுக. அந்நீர்நிலை இன்றும் உள்ளதா?