வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு



உழைக்காமல் கிடைக்கும் பொருளின் பக்கம் மனித மனம் எளிதில் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வை நன்கறிந்த ஒரு கூட்டம் இன்று கணிப்பொறி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. 'உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு லண்டன் லாட்டரியில் ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்துள்ளது' என்று ஒரு மடல் வருகிறது. இதை எப்படி இனம் காண்பது? மார்க்கம் இதில் நமக்குக் காட்டும் வழி என்ன? இவ்விரண்டையும் இம்மாதம் சிந்திப்போம்.

முதலில் லாட்டரியைப் பற்றிய சட்டத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 90-ஆம் வசனத்தில் அல்லாஹ் மதுவையும் சூதாட்டத்தையும் சேர்த்தே தடுத்திருக்கிறான். பலர் இழந்ததை ஒருவர் அள்ளிக் கொள்வதே சூது, லாட்டரியும் அதுவே. தமிழகத்தில் 1968-ல் அரசே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கூலி வேலை செய்பவர் அன்றாடச் சம்பளத்தைச் சீட்டுக் கடையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய காலமும் வந்தது. 2003-ல் தமிழக அரசு எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனைக்கும் தடை விதித்தது. தெருவிலிருந்து போன அந்த ஆசை இப்போது திரைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிலர் கேட்கக்கூடும்: "நாங்கள் சீட்டே வாங்கவில்லையே! தானாக வருவது அன்பளிப்பு ஆகாதா? பாதியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டால் என்ன?" மனம் சொல்லும் இந்தச் சமாதானத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே அவன் ஏற்றுக் கொள்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. சூதில் வந்த பணம் தருமத்திற்கு என்று பெயர் மாற்றுவதால் ஹலாலாகிவிடாது. ஆகவே அந்த மடல் உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பணம் நமக்கு ஆகாது. பொய்யாக இருந்தாலோ, நம் பணமும் சேர்ந்து போய்விடும். இதை மனத்தில் நிறுத்தியவரை எந்த மோசடிக்காரனும் அசைக்க முடியாது.

இனி, பொய் மடலின் அடையாளங்களைப் பார்ப்போம்.

ஒன்று: வாங்காத சீட்டுக்குப் பரிசு. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசு லாட்டரி இருக்கிறது. அங்கே பரிசு பெறுபவர் தம் கையிலுள்ள சீட்டைக் கொடுத்தாக வேண்டும். சீட்டில்லாத பரிசு எங்கும் இல்லை. மின்னஞ்சல் முகவரிகளைக் குலுக்கிப் போட்டு எவரும் கோடிகளை வழங்குவதில்லை.

இரண்டு: முன்பணம். 'பரிசு வர வேண்டுமானால் கூரியர் கட்டணம் அனுப்புங்கள், சுங்கவரி கட்டுங்கள், வரி நீக்கச் சான்று வாங்குங்கள்' என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். நம் நாட்டில் லாட்டரிப் பரிசுக்கு உரிய வருமான வரியைப் பரிசுத் தொகையிலிருந்தே பிடித்துக் கொண்டுதான் மீதியைத் தருகிறார்கள். வென்றவரிடம் முன்கூட்டிப் பணம் கேட்பவன் திருடன். இந்த ஒரு விதி போதும்.

மூன்று: இரகசியமும் அவசரமும். 'யாரிடமும் சொல்லாதீர்கள், மூன்று நாளில் பதில் தராவிட்டால் பரிசு போய்விடும்' என்று எழுதுவார்கள். மனைவியிடமோ மகனிடமோ ஒரு வார்த்தை கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான்கு: பெரிய பெயர்கள். ரிசர்வ் வங்கியின் பெயரிலும், அதன் கவர்னர் பெயரிலும்கூட மடல் வருகிறது. தனி மனிதர் எவருக்கும் ரிசர்வ் வங்கி கணக்கு வைத்திருப்பதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருப்பவர் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகம் அங்கிருந்து அருகில்தான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் அலுவலகம் எவனோ ஒருவனுடைய சொந்தக் கணக்கில் பணம் போடச் சொல்லுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே போதும்.

மடலில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு, 'இதை யார் நம்புவார்?' என்று சிரிக்கிறோம். 2012-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நம்பத்தகாத கதையைச் சொல்வதே ஒரு சல்லடை; சந்தேகப்படுபவர்கள் தாமாக விலகிவிடுவார்கள்; பதில் எழுதும் சிலர் மட்டுமே மிஞ்சுவார்கள். அவர்கள்மீதுதான் வலை இறுகுகிறது. ஆகவே 'சும்மா ஒரு பதில் போட்டுப் பார்ப்போமே' என்பதும் ஆபத்துதான்.

ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி, அடையாறு போன்ற பகுதிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் தனியே வாழும் வீடுகள் உண்டு. வெளிநாட்டு மடல் அவர்களுக்குப் புதிதல்ல. ஓய்வூதியப் பணமும், மகள் கல்யாணத்திற்கென்று வைத்த நகையும் இப்படிப் போய்விட்டால் ஒரு குடும்பத்தின் நிலை என்னாகும்! பிள்ளைகளே, வாரம் ஒருமுறை பேசும்போது, "வாப்பா, உம்மா, இப்படி ஏதும் மடல் வந்ததா?" என்று கனிவோடு விசாரியுங்கள்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். மோசடிப் பணத்தை வாங்குவதற்கு இக்கூட்டத்தார் பிறருடைய வங்கிக் கணக்குகளைப் பயன்படுத்துகிறார்கள். இத்தகைய கட்டணங்களை வசூலிக்கத் தனிநபர் பெயர்களில் கணக்குகள் திறக்கப்படுவதையும், அப்படி வசூலித்து வெளிநாட்டுக்கு அனுப்புவோர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நடவடிக்கைக்கு உள்ளாவார்கள் என்பதையும் ரிசர்வ் வங்கி 2010-லேயே எச்சரித்திருக்கிறது. 'உன் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்பவனுக்கு உதவுவது பாவத்திற்கு உதவுவதே. அந்தக் கமிஷனில் ஏமாந்த ஒரு தாயின் கண்ணீர் கலந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் பரிசுச் செய்தியை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்புவதும் தவறாகும். செய்தி வந்தால் தீர விசாரித்துக் கொள்ளுமாறு திருமறையின் 49-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயம் ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் இங்கே தொடர்பு உண்டு. ஏமாந்தவரை நாம் ஏளனம் செய்தால் அவர் வாய் திறக்கமாட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் எச்சரிக்கை பெறமாட்டார்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. வந்த மடல்களையும் பணம் கட்டிய ரசீதுகளையும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அவையே சாட்சி.

ஒருமுறை ஏமாந்தவருக்குச் சில மாதம் கழித்து இன்னொரு மடல் வருவதுண்டு: 'மோசடியில் நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும் அனுப்புங்கள்.' இதுவும் அதே வகைக் கூட்டத்தாரின் கைவரிசைதான். ஒரு முஃமின் ஒரே பொந்திலிருந்து இருமுறை கொட்டப்படமாட்டார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அப்போது நினைவில் கொள்ளுங்கள்.

நமக்கென்று அல்லாஹ் எழுதிய ரிஜ்கு நம்மைத் தேடி வந்தே தீரும். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஹலாலான சிறு வருவாயில் பரக்கத்தைத் தேடும் நல்ல மனத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.