பழைய புல்லட் வண்டியின் வால்வு இடைவெளி

நூல் வாங்கவும், மஞ்சள் மண்டியில் விலை விசாரிக்கவும், சங்க வேலையாக ஊர் ஊராகச் செல்லவும் நம் அங்கத்தினர்களிற் பலர் இன்றும் பழைய புல்லட் வண்டிகளை வைத்திருக்கின்றனர். தறியின் கோளாறு நெசவாளருக்குத் தெரியும். பம்புசெட்டின் கோளாறு விவசாயிக்குத் தெரியும். ஆனால் தாம் ஏறிச் செல்லும் வண்டியின் எஞ்சினை அறிந்தவர் சிலரே. அவ்வெஞ்சினில் காலணா செலவின்றி நாமே செய்துகொள்ளக்கூடிய வேலை ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நாம் பட்ட அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் நம்முடைய பழைய 350 புல்லட்டில் 'டிக், டிக்' என்ற ஓசை எழுந்தது. சென்ற ஊரிலெல்லாம், "ஐயா, உங்கள் வண்டி தறி போல் சத்தமிடுகிறதே" என்று கேலி செய்தனர். வெட்கமுற்று, சத்தமே கேட்கக் கூடாது என்று மெக்கானிக்கிடம் சொன்னோம். அவரும் டாப்பெட்டுகளை இறுக்கித் தந்தார். வண்டி மௌனமாயிற்று, நாமும் மகிழ்ந்தோம்.

இரண்டு மாதம் சென்றது. தீபாவளிக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம். போனஸ் பங்கீட்டைத் தீர்மானிக்க வேண்டிய கூட்டம் அது. தணிக்கை அறிக்கையோ நம் பையில் இருந்தது. சென்னிமலைக்குச் செல்லும் வழியில் வண்டி வலுவிழந்து நின்றது; உதைத்துப் பார்த்தால் உதையில் எதிர்ப்பே இல்லை. நூல் ஏற்றிவந்த வேன் ஒன்றில் இடம் கேட்டு மூன்று மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தோம். அங்கத்தினர் கலைந்துவிட்டிருந்தனர். கூட்டம் தள்ளிப்போயிற்று, போனஸ் பண்டிகைக்குப் பின்னரே கைக்கு வந்தது. சிலர் அந்தத் தீபாவளிக்கு வட்டிக்குக் கடன் வாங்கினர் என்று பின்னர் அறிந்தோம்.

எஞ்சினைத் திறந்தபோது, புகை வெளியேற்றும் வால்வின் விளிம்பு எலி கடித்த வடை போல் ஓரிடத்தில் கரிந்து போயிருந்தது. குற்றம் மெக்கானிக்குடையது அன்று. சத்தத்தை அடக்கச் சொன்ன நம்முடையதே.

இடைவெளி ஏன் வேண்டும்?

புல்லட்டின் எஞ்சின் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சுகளில் இயங்குகிறது. அதற்கு இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுகிறது. மற்றொன்று புகையை வெளியே விடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடுகிறது. கீழே சுழலும் கேம், டாப்பெட்டை உயர்த்த, டாப்பெட் புஷ் ராடை உயர்த்த, ராடு மேலேயுள்ள ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது.

இந்தத் தொடரில் தளர்ச்சி மிகுந்தால் வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், ஓசை எழும், வலு சற்றுக் குறையும். தளர்ச்சி சிறிதும் இன்றி இறுகிவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. அங்கேதான் ஆபத்து. தீயில் நிற்கும் வால்வு தன் சூட்டின் பெரும் பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில், இருக்கையின் வழியாகவே வெளியேற்றுகிறது. அமராத வால்வு ஆறாது. இடுக்கின் வழியே நெருப்பு சீறி அதன் விளிம்பைத் தின்றுவிடும்.

மேலும் ஒன்று. நாளடைவில் வால்வு இருக்கை தேய, வால்வு மேல்நோக்கி அமிழ்கிறது. இடைவெளி தானே குறைகிறது. இது ஓசையின்றி நடைபெறும். ஆகவே காதை நம்பாமல், குறித்த தவணையில் கையால் சோதிக்க வேண்டும். நாம் இப்போது 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதிக்கிறோம்.

செய்யும் முறை

1. எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு முன் பார்ப்பதே நன்று.

2. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இக்னிஷன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுக. வலப்புறம் சிலிண்டரின் அடியிலுள்ள சிறு மூடியையும் கழற்றுக. உள்ளே இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். கார்புரேட்டர் பக்கம் உள்ளது உறிஞ்சும் வால்வினுடையது.

3. நான்காவது கியரில் இட்டு, பின்சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுழற்றுக. உறிஞ்சும் ராடு ஏறி இறங்கியபின், பிளக் துளையில் கட்டைவிரலை வைத்தால் காற்று விரலைத் தள்ளும். அந்தத் தள்ளல் நிற்கும் இடத்தில் பிஸ்டன் உச்சியை அடைந்திருக்கும். இரு வால்வுகளும் மூடியிருக்கும். சக்கரத்தைச் சற்று முன்னும் பின்னும் அசைத்தாலும் ராடுகள் அசையாவிடில் இடம் சரி.

4. இப்போது ஒவ்வொரு ராடையும் இரு விரல்களால் திருகிப் பார்க்க. தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுவே பழைய புல்லட்டின் அளவு. தகடு வைத்து அளக்கத் தேவையில்லை.

5. சரியில்லையெனில், ராடின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள மூன்று அறுகோணப் பகுதிகளைக் காண்க. நடுவிலுள்ளது பூட்டு நட்டு. அதைத் தளர்த்தி, மேலுள்ளதை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு கீழுள்ளதைத் திருகுக. ராடு நீண்டால் இடைவெளி குறையும், குறுகினால் கூடும்.

6. பூட்டு நட்டை இறுக்கியபின் மறுபடியும் விரலால் திருகிப் பார்க்க. இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு. அவசரக்காரர் தவறுவது இங்கேதான். சக்கரத்தை நன்றாகச் சுழற்றி, மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறையும் சோதித்த பின்னரே மூடியை இடுக. மூடியின் நட்டை மிகைபட இறுக்கினால் எண்ணெய் கசியும்.

ஐயமும் விளக்கமும்

குளிர்ந்த நிலையில் இடைவெளியே இல்லையெனில் சூட்டில் இறுகிவிடாதா என்று கேட்கலாம். இறுகாது. வார்ப்பிரும்புச் சிலிண்டரும் அதன்மேலுள்ள அலுமினியத் தலையும் சூட்டால் நீள்கின்றன. புஷ் ராடு அவ்வளவு சூடாவதில்லை. எனவே வேண்டிய இடைவெளி ஓட்டத்தில் தானே பிறக்கிறது.

இந்த அளவு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. மற்ற எஞ்சின்களுக்கும் டீசல் பம்புசெட்டுக்கும் அதனதன் கையேட்டில் கண்ட அளவைத் தகடு கொண்டு அளந்தே வைக்க வேண்டும். 2009-ஐ ஒட்டிப் புல்லட் வகைகளில் வந்த யூ.சி.இ. எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்ளும் டாப்பெட்டுகள் உள்ளன. அவற்றைத் தொட வேண்டா. பழைய ஜாவா, ராஜ்தூத் வண்டிகள் இரண்டு வீச்சு எஞ்சின் உடையவை. அவற்றில் இவ்வால்வுகளே இல்லை.

ஒருமுறை சரிசெய்த ராடு சில நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுகுமானால், திருகிக்கொண்டே இராமல் தலையைக் கழற்றி வால்வையும் இருக்கையையும் பார்க்கச் செய்க.

முடிவுரை

கணக்குத் தணிக்கையிலும் நாம் கண்டது இதுவே. கூட்டத்தில் சச்சரவிடும் சங்கத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு கேள்வியும் எழாத சங்கத்தின் இருப்பைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கிறோம். சிறிது ஓசையிடும் வால்வு பிழைத்துக்கொள்ளும். ஓசையற்ற வால்வை நாம்தான் தேடிச் சென்று சோதிக்க வேண்டும்.

அங்கத்தினர் கலந்து பேசச் சில கேள்விகள்

1. இறுகிய வால்வு ஏன் கரிகிறது?
2. இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையை எவ்வாறு அறிவது?
3. பூட்டு நட்டை இறுக்கியபின் மீண்டும் சோதிப்பது ஏன்?
4. நம் சங்கத்தில் ஓசையின்றித் தேய்ந்து வருவது எது?